கல், மணல், பிசின்: பாலிமர் கான்கிரீட்டின் கலவையும் வலிமையும் நீடிப்பும்

2024 செப்டம்பர் 11ஆம் நாள் அதிகாலை 3 மணியளவில், டிரெஸ்டன் நகரின் கரோலா பாலத்தில் டிராம் பாதையைத் தாங்கிய பகுதி ஏறத்தாழ நூறு மீட்டர் நீளத்துக்கு முறிந்து எல்பே ஆற்றில் வீழ்ந்தது. அதற்குச் சில நிமிடங்களுக்கு முன்புதான் ஒரு டிராம் அவ்வழியே கடந்து சென்றிருந்தது. எவருக்கும் காயமில்லை. பாலத்தோடு சென்ற வெப்பக் குழாய்கள் உடைந்தமையால் அன்று காலை நகரின் பல வீடுகளில் சுடுநீர் வரவில்லை. பாலம் விழுந்த செய்தியைப் பலர் குளியலறைக் குழாய் வழியாகவே முதலில் அறிந்தனர் எனலாம்.

1971இல் திறக்கப்பட்ட அந்தப் பாலம் முன்தகைவுக் கான்கிரீட்டால் ஆனது. டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஸ்டெஃபன் மார்க்ஸ் தலைமையில் நடைபெற்ற ஆய்வு, உள்ளே இழுத்துக் கட்டப்பட்டிருந்த எஃகுக் கம்பிகளில் ஹைட்ரஜன் தூண்டிய தகைவு அரிப்பு ஏற்பட்டதே முதன்மைக் காரணம் எனக் கண்டது. கட்டுமானக் காலத்தில் கம்பிகளை அடைந்த ஈரத்தோடு தொடங்கிய அக்கேடு, பல்லாண்டுப் போக்குவரத்துச் சுமையால் முற்றியது. அன்று தொடங்கி நம்மவரிடையே அடிக்கடி எழும் ஒரு வினா உண்டு: நீர் புகாத, துருவுக்கு இடமளிக்காத கான்கிரீட் இல்லையா? பாலிமர் கான்கிரீட் என்கிறார்களே, அது எதற்குப் பயன்படும்? கட்டுமானத் தொழிலில் உள்ளோருக்கும், மாடிமுகப்பையோ நிலவறையையோ பழுதுபார்க்க வேண்டிய வீட்டு உரிமையாளருக்கும் அவ்வினா பொருந்தும். இப்பாடம் அதனை எடுத்துக்கொள்கிறது.

நீர் செல்லும் வழி

சாதாரணக் கான்கிரீட்டில் சிமெண்ட், நீர், மணல், ஜல்லி ஆகியவை சேர்கின்றன. சிமெண்ட் முழுமையாக வினைபுரிவதற்குத் தேவைப்படும் நீரைவிடக் கூடுதலான நீரையே நாம் ஊற்றுகிறோம்; இல்லையேல் கலவை ஓடாது. வினைக்குப் பயன்படாத நீர் பின்னர் உலர்ந்து வெளியேறும்போது, அது இருந்த இடங்கள் நுண்துளைகளாகவும் மயிரிழைக் குழாய்களாகவும் எஞ்சுகின்றன. பின்னாளில் மழைநீரும், பனிக்காலத்தில் சாலையில் தூவப்படும் உப்பும், காற்றிலுள்ள கரியமில வாயுவும் உள்ளே செல்வது அவ்வழியாகவே.

ஆயினும் சிமெண்ட் கான்கிரீட்டுக்கு ஓர் உட்காவல் உண்டு. அதன் துளைகளிலுள்ள நீர் கடுமையான காரத்தன்மை கொண்டது. காரத்தன்மை எண் 12.5க்கும் மேல். அக்காரத்தில் எஃகின் மேற்பரப்பில் ஒரு மெல்லிய காப்புப் படலம் உருவாகித் துருவைத் தடுக்கிறது. கரியமில வாயு உள்ளே சென்று அக்காரத்தை 9க்குக் கீழே இறக்கும்போதோ, உப்பிலுள்ள குளோரைடு கம்பியை எட்டும்போதோ படலம் சிதைகிறது. துரு எஃகைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால் மேலுள்ள கான்கிரீட் வெடித்து உதிர்கிறது. பழைய மாடிமுகப்புகளின் அடிப்பக்கத்தில் கம்பி தெரிவதைப் பலரும் கண்டிருப்பர்.

மூன்று வகைகள்

பாலிமர் கான்கிரீட் என்ற ஒரே பெயரால் மூன்று வேறுபட்ட பொருள்கள் வழங்கப்படுகின்றன. குழப்பத்தின் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது.

முதல் வகையில் சிமெண்டும் இல்லை, நீரும் இல்லை. பாலியெஸ்டர், வினைல் எஸ்டர், எப்பாக்சி, அக்ரிலிக் ஆகிய பிசின்களுள் ஒன்று மட்டுமே கல்லையும் மணலையும் பிணைக்கிறது. உண்மையான பாலிமர் கான்கிரீட் இதுவே. ஜெர்மன் மொழியில் பொலிமேர்பெட்டோன் என்பர். இரண்டாம் வகையில் சிமெண்டும் நீரும் வழக்கம்போல் இருக்கும். அவற்றோடு பால்போன்ற பாலிமர்க் குழம்போ, நீரில் மீண்டும் கரையும் பாலிமர்த் தூளோ சேரும். பழுதுபார்ப்பு வேலைகளில் மூட்டை மூட்டையாக வருவது பெரும்பாலும் இதுதான். மூட்டையின்மேல் பே-சே-சே என்ற மூன்றெழுத்துக் குறி இருக்கும். மூன்றாம் வகையில், இறுகி உலர்ந்த சாதாரணக் கான்கிரீட்டின் துளைகளுக்குள் மெல்லிய ஒருமத் திரவத்தைச் செலுத்தி, உள்ளேயே பாலிமராக மாற்றுவர். 1960களின் இறுதியில் அமெரிக்காவின் புரூக்ஹேவன் தேசிய ஆய்வகத்தில் இதனை விரிவாக ஆராய்ந்தனர். வலிமை வியப்பூட்டும் அளவுக்கு உயர்ந்தது; செய்முறை கடினமாகவும் செலவு மிக்கதாகவும் இருந்தமையால் அன்றாடக் கட்டுமானத்தில் அது வேரூன்றவில்லை.

இரண்டாம் வகையின் கருத்து நமக்கு அந்நியமானதன்று. தமிழ்நாட்டுப் பழங்கட்டடங்களில் சுண்ணாம்புச் சாந்தோடு கடுக்காய்ச் சாறும் கருப்பட்டி நீரும் சேர்த்தனர். செட்டிநாட்டு வீடுகளின் பளபளப்பான சுவர்ப்பூச்சுக்கு முட்டையின் வெண்கருவும் சேர்ந்தது. மாச்சத்தும் புரதமும் சர்க்கரையும் இயற்கை தந்த கரிமப் பொருள்கள். அவை சாந்தின் நுண்துளைகளில் அமர்ந்து அதன் இறுகலையும் நீர்ப்போக்கையும் மாற்றுகின்றன. கோயில் புனரமைப்புகளில் இன்றும் கடுக்காயை ஊறவைக்கிறார்கள். கொத்தனார் அதற்கு வேதியியல் பெயர் சொல்லியிருக்க மாட்டார்; எத்தனை நாள் ஊற வேண்டும் என்பதை அறிந்திருந்தார்.

கலவை வடிவமைப்பு

இனி முதல் வகையின் கலவையைப் பார்ப்போம். ஒரு படியில் கொண்டைக்கடலையை நிரப்புங்கள். படி நிறைந்ததுபோல் தோன்றினும் உள்ளே ஏறத்தாழ ஐந்தில் இரு பங்கு வெற்றிடமே. அதில் கடுகைத் தூவிக் குலுக்கினால் ஒரு பகுதி நிரம்பும். பின்பு ரவையைத் தூவினால் மேலும் நிரம்பும். எஞ்சும் இடுக்குகளையே பிசின் நிரப்ப வேண்டும். பிசின் எடைக்கு எடை சிமெண்டைவிடப் பத்து மடங்குக்கும் மேல் விலை உடையது; அதன் அளவைக் குறைப்பதே கலவை வடிவமைப்பின் முதல் வேலை. ஆகவே ஜல்லி, பருமணல், நுண்மணல், மாவுபோன்ற குவார்ட்சுத் தூள் அல்லது சுண்ணாம்புக்கல் தூள் எனப் படிப்படியாகப் பருமன் குறையும் பொருள்களைத் தேர்ந்து, கூடியமட்டும் நெருக்கமாக அடுக்குகிறார்கள்.

நூறு கிலோ கலவைக்கு ஓர் எடுத்துக்காட்டு: பிசின் 12 கிலோ, நிரப்புத் தூள் 18 கிலோ, மணல் 30 கிலோ, சிறுஜல்லி 40 கிலோ. எடையில் 12 விழுக்காடு என்பது சிறிதாகத் தோன்றும். பிசின் இலேசானது, கல் கனமானது; எனவே கன அளவில் அப்பிசின் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இடத்தைப் பிடிக்கிறது. நடைமுறையில் பிசின் பெரும்பாலும் எடையில் 10 முதல் 15 விழுக்காட்டுக்குள் அமைகிறது. குறைந்தால் மணிகள் முழுமையாக நனையாமல் துளைகள் எஞ்சும். மிகுந்தால் வலிமை உயர்வது நின்று, சுருக்கமும் வெப்பமும் விலையும் மட்டும் உயரும். பாலியெஸ்டர்ப் பிசின் தனியே இறுகும்போது கன அளவில் 6 முதல் 10 விழுக்காடு வரை சுருங்கக்கூடியது. எப்பாக்சி அதனினும் குறைவாகச் சுருங்கும். கல்லும் மணலும் அச்சுருக்கத்தைத் தடுத்து நிறுத்துகின்றன. ஆதலால் நிரப்புத் தூளை வெறும் மலிவுச் சரக்கு என்று கருதிக் குறைத்துவிடலாகாது.

சிமெண்ட் வேலையில் பழகிய கைக்கு மிகவும் புதிதாகத் தோன்றும் விதி ஒன்று உண்டு: மணல் முற்றிலும் உலர்ந்திருக்க வேண்டும். ஈரம் எடையில் 0.5 விழுக்காட்டுக்குக் கீழே, இயன்றால் அதனினும் குறைவாக இருத்தல் வேண்டும். மணியின்மேல் படிந்துள்ள நீர்ப்படலம் பிசினைக் கல்லோடு ஒட்டவிடாது. பார்வைக்கு நன்றாக இறுகிய கட்டி, வளைவுச் சோதனையில் மணியிலிருந்து பிசின் உரிந்து உடையும். மழையில் நனைந்த மணற்குவியலை வெயிலில் ஒரு நாள் பரப்பினால் போதும் என்பது இங்கே செல்லாது. ஆலைகளில் சூடேற்றி உலர்த்துகிறார்கள். பிசினுக்கும் குவார்ட்சுக்கும் இடையே இணைப்பை வலுப்படுத்தச் சைலேன் என்னும் சேர்மத்தைப் பிசின் எடையில் ஒரு விழுக்காடளவு சேர்ப்பதுமுண்டு. எடுத்துக்காட்டுக் கலவையில் அது 120 கிராம்தான். ஆனால் ஈரமான சூழலில் நெடுநாள் கிடக்கும் பொருளுக்கு அந்த 120 கிராம் பெரிதும் உதவும்.

பாலியெஸ்டரை இறுகச் செய்ய ஒரு பெராக்சைடுத் தூண்டியும், கோபால்ட்டு உப்பாகிய முடுக்கியும் தேவை. தூண்டி பொதுவாகப் பிசின் எடையில் 1 முதல் 2 விழுக்காடு. வேனிலில் குறைத்தும் குளிரில் கூட்டியும் வேலை நேரத்தைச் சரிசெய்வர். எப்பாக்சியில் இந்தச் சுதந்திரம் இல்லை. அங்கே கடினமாக்கி பிசினோடு எண்ணி இணைவது. தயாரிப்பாளர் தந்த விகிதத்தினின்று மாறினால், எத்தனை நாள் காத்திருந்தாலும் ஒட்டும் தன்மை போகாத கலவை கையில் எஞ்சும். விரைவில் இறுகட்டும் என்று கடினமாக்கியைக் கூட்டுவது கட்டுமானத் தளங்களில் காணப்படும் பொதுவான தவறு.

இங்கே உடல்நலம் பற்றிய எச்சரிக்கை ஒன்றைத் தனித்துச் சொல்லியாக வேண்டும். பெராக்சைடுத் தூண்டியையும் கோபால்ட்டு முடுக்கியையும் ஒருபோதும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கலாகாது. வெடிக்கும் ஆபத்து உண்டு. முடுக்கியை முதலில் பிசினில் முழுதும் கலந்த பின்னரே தூண்டியைச் சேர்க்க வேண்டும். இறுகாத எப்பாக்சி தோலில் படுவதால் ஒவ்வாமை உண்டாகிறது. அது ஒருமுறை வந்தால் வாழ்நாள் முழுதும் நீங்காது, தொழிலையே விட நேர்ந்தோர் உண்டு. தோல் கையுறையும் மெல்லிய மருத்துவக் கையுறையும் எப்பாக்சியைத் தடுக்கமாட்டா. எந்தக் கையுறை எவ்வளவு நேரம் தாங்கும் என்பது பொருளின் பாதுகாப்புத் தாளில் குறிக்கப்பட்டிருக்கும். அத்தாளைக் கேட்டுப் பெறுவது தொழிலாளியின் உரிமை. கட்டுமானத் தொழிலின் விபத்துக் காப்பீட்டு அமைப்பான பே-கே பௌ இதுகுறித்து அறிவுரை வழங்குகிறது. மொழி புரியவில்லை என்று கையொப்பமிடாமல், விளக்கம் கேளுங்கள்.

வலிமை

கான்கிரீட்டின் அமுக்க வலிமையை மெகாபாஸ்கல் என்னும் அலகால் குறிப்பர். ஒரு மெகாபாஸ்கல் என்பது ஒரு சதுர சென்டிமீட்டரின்மேல் ஏறத்தாழ 10 கிலோ எடை அழுத்துவதற்கு ஒப்பாகும். வீடுகளுக்குப் பயன்படும் கான்கிரீட் 25 முதல் 35 மெகாபாஸ்கல் வரை தாங்கும். நன்கு செய்த பாலிமர் கான்கிரீட் 70 முதல் 120 வரை தாங்கும். சிமெண்ட் கான்கிரீட் தன் முழுப் பெயரளவு வலிமைக்கு 28 நாள் காத்திருக்க, பாலிமர் கான்கிரீட் ஒரே நாளில் பெரும்பகுதியை அடைந்துவிடுகிறது.

விற்பனைத் தாள்களில் பெரிய எழுத்தில் அச்சிடப்படுவது அமுக்க வலிமைதான். இப்பொருளின் சிறப்பு உண்மையில் அதைவிட வளைவு வலிமையில் இருக்கிறது. கம்பியில்லாச் சாதாரணக் கான்கிரீட் பலகை வளையும்போது 3 முதல் 5 மெகாபாஸ்கலில் முறியும். பாலிமர் கான்கிரீட் 15 முதல் 30 வரை தாங்கும். மெல்லிய சுவருள்ள வடிகால் வாய்க்கால்களைக் கம்பியின்றி வார்க்க முடிவது இதனாலேயே. வாகன நிறுத்துமிடங்களின் ஓரத்திலும் கடை வாசல்களிலும் வார்ப்பிரும்பு மூடியோடு காணப்படும் சாம்பல் நிற வாய்க்கால்களுள் பல இவ்வகையின. வீட்டு முற்றத்தில் அவற்றைப் பதிப்போர் சுமை வகுப்பைக் கவனிக்க வேண்டும்: ஏ 15 என்பது நடப்போருக்கும் மிதிவண்டிக்கும், பி 125 என்பது மகிழுந்துக்கும், டி 400 என்பது சாலைப் போக்குவரத்துக்கும் உரியது. வாய்க்கால் எவ்வளவு வலிதாயினும் அதனைச் சுற்றியுள்ள கான்கிரீட் படுக்கை சரியில்லையெனில் அந்த வகுப்புக்குப் பொருளில்லை.

வலிமைக் கணக்கில் இரு குறைகள் உண்டு. ஒன்று ஊர்வு. தொடர்ந்து சுமையைத் தாங்கும் பிசின் மெல்ல மெல்ல இடங்கொடுக்கும். ஒரு மணி நேரச் சோதனையில் தாங்கிய சுமையை இருபது ஆண்டுகள் தாங்கும் என்று கொள்ள முடியாது. மற்றொன்று வெப்பம். ஒவ்வொரு பிசினுக்கும் அது இளகத் தொடங்கும் வெப்பநிலை உண்டு; கட்டுமானப் பிசின்கள் பலவற்றுக்கு அது 60 முதல் 100 டிகிரி செல்சியஸுக்குள் அமைகிறது. தீவிபத்தில் இவ்வெப்பம் சில நிமிடங்களில் எட்டிவிடும். வீட்டின் தூண்களையும் உத்தரங்களையும் பாலிமர் கான்கிரீட்டால் கட்டாததற்கு விலையைக் காரணமாகச் சொல்வர். விலை நாளையே பாதியானாலும் இவ்விரு காரணங்களும் அப்படியே நிற்கும்.

நீடித்துழைக்கும் தன்மை

நீடிப்பில் இதன் பெருமை கழிவுநீர்க் குழாய்களில் தெரிகிறது. கழிவுநீரில் வாழும் நுண்ணுயிரிகள் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை உண்டாக்குகின்றன. குழாயின் மேற்கூரையிலுள்ள ஈரத்தில் வேறு நுண்ணுயிரிகள் அதனைக் கந்தக அமிலமாக மாற்றுகின்றன. அவ்வமிலம் சிமெண்டைத் தின்று, கையால் வழித்தெடுக்கும் களிம்பாக்கிவிடும். வெப்பம் மிகுந்த சென்னை, கொழும்பு போன்ற நகரங்களில் இது இன்னும் விரைவாக நடக்கும். அமிலம் தின்னச் சிமெண்டே இல்லாத பாலிமர் கான்கிரீட் குழாய் அங்கே நிலைத்து நிற்கிறது; அத்தகைய பாலியெஸ்டர்க் கான்கிரீட் குழாய்களுக்கென ஐரோப்பியத் தரநிலை 14636 உள்ளது. நீர் உறிஞ்சல் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாதலால், உறைபனியும் உப்பும் மாறிமாறித் தாக்கும் சாக்சனிக் குளிரிலும் மேற்பரப்பு செதில் செதிலாக உரிவதில்லை. எனினும் பாலியெஸ்டர் கடுங்காரத்துக்குத் தாங்காது. காரக் கழிவு செல்லும் இடத்துக்கு வினைல் எஸ்டரோ எப்பாக்சியோ வேண்டும். எப்பாக்சி வெயிலில் மஞ்சளித்து மாவுபோல் உதிரும்.

இன்னொரு நுட்பம் பெரும்பாலும் பேசப்படுவதில்லை. சிமெண்ட் கான்கிரீட் எஃகுக்கு அளிக்கும் காரக் காவலைப் பிசின் அளிப்பதில்லை. பாலிமர் கான்கிரீட்டுக்குள் எஃகை வைத்தால், நீரை வெளியே நிறுத்துவது ஒன்றே அதற்குப் பாதுகாப்பு; ஒரு விரிசல் கம்பியை எட்டிவிட்டால் இரண்டாம் காவல் கிடையாது.

கரோலா பாலத்துக்கு வருவோம். அதன்மேல் பாலிமர்ப் பூச்சு பூசியிருந்தால் தப்பியிருக்குமா என்று கேட்போருக்கு விடை, இல்லை என்பதே. கேடு வெளியிலிருந்து காலப்போக்கில் இறங்கியதன்று; கம்பிகள் சாந்தால் மூடப்படுமுன்பே பற்றியது. வெளிப்புறத்தை எவ்வளவு அழகாக அடைத்தாலும் உள்ளே தொடங்கிய விரிசலை அது நிறுத்தாது. வழக்கமான ஆய்வுகளில் அதன் அளவு வெளியே தெரியவும் இல்லை.

எஃகை நீக்கினால்?

துருப்பிடிக்கும் பொருளையே நீக்கிவிட்டால் என்ன என்ற வழியில் டிரெஸ்டன் ஆய்வாளர்கள் நெடுந்தொலைவு சென்றுள்ளனர். நெசவுத் தொழில்நுட்பமும் கட்டடப் பொறியியலும் ஒரே பல்கலைக்கழகத்தில் அருகருகே இருந்தமை அதற்குத் துணையாயிற்று. 1999 முதல் 2011 வரை ஜெர்மன் ஆராய்ச்சிக் கழகத்தின் நிதியில் இங்கே நெய்வலைக் கான்கிரீட் ஆராயப்பட்டது. 2016இல் மான்ஃப்ரெட் கூர்பாக், சொக்ரி ஷெரிஃப், பீட்டர் ஓஃபர்மன் ஆகிய மூவரும் கார்பன் கான்கிரீட்டுக்காக ஜெர்மன் எதிர்கால விருதைப் பெற்றனர். 2022 செப்டம்பரில் பல்கலைக்கழக வளாகத்தில் திறக்கப்பட்ட கியூப் என்னும் கட்டடம், கார்பன் கான்கிரீட்டால் எழுப்பப்பட்ட உலகின் முதற் கட்டடமாகும். சுவரே முறுக்கிக்கொண்டு கூரையாகும் அதன் வடிவத்தை வெளியிலிருந்தே காணலாம்.

இங்கே கான்கிரீட் சிமெண்டால் ஆனதே. எஃகுக்கு ஈடாகக் கார்பன் இழைகளால் நெய்த வலை உள்ளே இருக்கிறது. எடையில் அது எஃகின் நான்கில் ஒரு பங்கு. இழுவிசையைத் தாங்குவதில் சாதாரணக் கம்பியைப் பல மடங்கு விஞ்சும். துருவைத் தடுக்கச் சில சென்டிமீட்டர் கான்கிரீட் போர்வை தேவையில்லையாதலால் சுவரும் தளமும் மெலிகின்றன, சிமெண்டும் மிச்சமாகிறது. பாலிமர் இங்கும் மறைந்திருக்கிறது: ஆயிரக்கணக்கான இழைகள் ஒரே நாரைப்போல் இணைந்து உழைக்க, அவற்றைப் பிசினில் தோய்த்தெடுக்கிறார்கள். தோய்ப்பு நன்றாயின் சுமை எல்லா இழைகளுக்கும் பகிர்கிறது. தீயில் அப்பிசின் இளகினால் வலைக்கும் கான்கிரீட்டுக்கும் உள்ள பிடிப்புத் தளர்கிறது. இழை எரியாமல் நின்றும் பயன் குறைந்துவிடும். ஆகவே வெப்பத்தைத் தாங்கும் தோய்ப்புப் பொருளைத் தேடுவது இத்துறையின் முக்கிய வேலையாகத் தொடர்கிறது.

மாடிமுகப்பைப் பழுதுபார்ப்போருக்கு

வீட்டளவில் நம்மில் பெரும்பாலோர் எதிர்கொள்வது பாலிமர் கலந்த சிமெண்ட் சாந்தே. பாலிமரின் திடப்பகுதி சிமெண்ட் எடையில் 10 முதல் 20 விழுக்காடு வரை இருக்கும். அது கலவையை இளக்குவதால் நீரைக் குறைக்கலாம். மூட்டையில் குறித்த நீருக்குமேல் ஒரு குவளை ஊற்றினாலும் வாங்கிய பயன் வீணாகும். வெள்ளைப் பசை என்று விற்கும் பாலிவினைல் அசிட்டேட்டை வெளிப்புற வேலையில் சேர்க்க வேண்டாம். அது ஈரத்தில் மீண்டும் இளகும். ஸ்டைரீன் பியூட்டாடையீன் அல்லது அக்ரிலிக் வகையே வெளிப்புறத்துக்கு ஏற்றது.

ஊரில் கான்கிரீட் வேலை பார்த்தவர்கள் ஒரு வாரம் சாக்கை நனைத்துப் போடுவார்கள். இச்சாந்துக்கு முதல் ஒன்றிரண்டு நாள் ஈரம் காத்து, பின்பு உலரவிட வேண்டும். உலரும்போதுதான் பாலிமர்த் துளிகள் இணைந்து தொடர்படலமாகின்றன. குளிரில் அப்படலம் உருவாகாது. தயாரிப்பாளர் குறித்த குறைந்த வெப்பநிலைக்குக் கீழே, நவம்பர் மாதத்து மாலையில், வேலையை முடித்துத் தருகிறேன் என்பவரைக் காத்திருக்கச் சொல்லுங்கள்.

உரிமையாளர் கூட்டத்தில் விலைப்புள்ளி வரும்போது சிலவற்றைக் கேட்கலாம். துருப்பிடித்த கம்பியின் பின்புறம் வரை பழைய கான்கிரீட்டை அகற்றுவார்களா? அடித்தளத்தின் ஒட்டுவலிமையை இழுத்துச் சோதிப்பார்களா? பழுதுபார்ப்பில் வழக்கமாகக் கேட்கப்படும் சராசரி ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 1.5 நியூட்டன். எப்பாக்சிப் பூச்சு உண்டெனில் அடித்தள ஈரத்தை அளப்பார்களா? பரப்பின் வெப்பநிலை பனிநிலையைவிட 3 டிகிரியாவது மேலிருப்பதை உறுதிசெய்வார்களா? தடித்த எப்பாக்சிச் சாந்தைப் பழைய கான்கிரீட்டின்மேல் பரப்ப முன்வந்தால் காரணம் கேளுங்கள். பிசின்சாந்து வெப்பத்தில் கான்கிரீட்டைவிடக் கூடுதலாக விரியும். கோடை வெயிலுக்கும் தை மாதக் குளிருக்கும் இடையே அந்த வேறுபாடே ஒட்டுப்பரப்பை உரித்துவிடும். மிஞ்சிய இறுகாத பிசினையும் கடினமாக்கியையும் வீட்டுக் குப்பையிலோ கழிவுநீரிலோ இடாமல், நகரின் தீங்குப்பொருள் சேகரிப்பில் ஒப்படைக்க வேண்டும்.